பின்னே வரும் வழி

கணிப்பொறியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது, அது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நம்மிடம் கேட்பதில்லை. முதற் பக்கத்தில் ஒரு கேள்வி, விடையளித்து ‘நெக்ஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் அடுத்த கேள்வி, இறுதியில் ‘பினிஷ்’. இவ்வமைப்புக்கு ‘விசார்டு’ என்று பெயர். மந்திரவாதி என்பது அச்சொல்லின் பொருள். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்ரோசாப்ட் பப்ளிஷரில் இப்பெயர் இடம்பெற்றது. பின்னர் விண்டோஸ் மென்பொருள்களில் எங்கும் பரவிற்று. ஆனால் இதில் மந்திரம் ஏதுமில்லை. பெரிய வேலையைச் சிறு படிகளாகப் பகுத்து வைத்திருப்பதே இதன் சூட்சுமம்.

எல்லா வேலைக்கும் இது பொருந்தாது. நாள்தோறும் பலமுறை செய்யும் வேலைக்கு ஆறேழு பக்கங்களைக் கடக்கச் சொன்னால் எவருக்கும் சலிப்புத் தட்டும். எப்போதாவது செய்வது, வரிசை தவறாது செய்ய வேண்டுவது, பிழைத்தால் இழப்புத் தருவது ஆகிய வேலைகளுக்கே இது ஏற்றது.

எங்கள் ஆய்வகத்தில் மின்தடை அளக்கும் கருவிக்கு நிரல் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. புதிதாய்ச் சேரும் மாணவரும் அஞ்சாமல் இயக்க வேண்டும் என்பதால் விசார்டு முறையைத் தேர்ந்தேன். பைத்தான் மொழியில், ‘க்யூட்’ என்னும் நிரல்தொகுப்பைக் கொண்டு எழுதினேன். அதில் ஒவ்வொரு பக்கமும் தனி உறுப்பு. கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் வெறுமையாக இருந்தால் ‘நெக்ஸ்ட்’ பொத்தான் மங்கியே கிடக்கும். முன் பக்கத்து விடையைப் பார்த்து அடுத்த பக்கம் எது என்று முடிவு செய்யவும் இயலும். குளிர்கலம் வேண்டாம் என்றால், வெப்பநிலை கேட்கும் பக்கம் தோன்றாது. இவ்வளவும் செய்து முடித்துப் பெருமிதம் கொண்டிருந்தேன்.

ஒரு நாள் தோழி ஒருத்தி, மூன்று வாரம் உழைத்து உருவாக்கிய மென்படலத்தை அளக்க வந்தாள். இரண்டாம் பக்கத்தில் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர் என்று குறித்தாள். அப்போதுதான் முதற் பக்கத்தில் மாதிரியின் பெயரைத் தவறாக எழுதியது நினைவுக்கு வந்தது. ‘பேக்’ பொத்தானை அழுத்திப் பெயரைத் திருத்தினாள். விரைந்து முன்னே சென்று அளவீட்டைத் தொடங்கினாள். படலம் கருகிப் போயிற்று.

நடந்தது இதுதான். அவள் பின்னே சென்றவுடன் 1 என்ற எண் அழிந்து, நான் தொடக்கத்தில் வைத்திருந்த 10 மீண்டும் வந்து அமர்ந்துவிட்டது. மின்னோட்டம் பத்து மடங்கானால், தடை மாறாதிருக்க, வெப்பம் நூறு மடங்காகும் அன்றோ?

தன் கவனக்குறைவே காரணம் என்று அவள் நொந்துகொண்டாள். அன்றிரவு நிரலைப் பிரித்துப் பார்த்தபின்தான் குற்றம் என்னுடையது என்று கண்டேன். ‘பேக்’ அழுத்தினால் அப்பக்கத்து விடைகள் பழைய நிலைக்குத் திரும்பும் என்று க்யூட்டின் விளக்கக் குறிப்பில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. மறுநாட் காலை அவளிடம் உண்மையைச் சொன்னேன். சொல்வது எளிதாக இல்லை.

பின்னர் நான்கு திருத்தங்கள் செய்தேன். விடைகளைத் துடைக்கும் ‘கிளீனப் பேஜ்’ என்னும் செயற்கூறை மாற்றி எழுதினேன். இப்போது பின்னே சென்றாலும் எதுவும் அழியாது. மின்னோட்டக் கட்டத்தில் எண் எதையும் முன்கூட்டி இடாமல், கட்டாயம் நிரப்பச் செய்தேன். இறுதியில் எல்லா விடைகளையும் ஒருங்கே காட்டும் பக்கம் ஒன்றைச் சேர்த்தேன். அப்பக்கத்தில் ஒப்புதல் தரும் வரையில் கருவிக்கு ஒரு கட்டளையும் போகாது. ஒப்புதல் தந்தபின் ‘பேக்’ பொத்தான் இயங்காது. மீளமுடியாத செயலுக்கு மீளும் வழி இருப்பதுபோல் காட்டுவதும் பொய்யே.

நிரல் எழுதும் நண்பர்களே! முன்னே அழைத்துச் செல்வதில் நாம் காட்டும் கருத்தைப் பின்னே வரும் வழியிலும் காட்டுவோம். மனிதர் பிழை செய்வர். திருத்திக்கொள்ளத் திரும்பியும் வருவர். திரும்பி வந்தவரைத் தண்டியாதிருப்பதே நல்ல நிரலுக்கு அழகு.