108-ல் கேட்கும் குரல் என்ன சொல்ல வேண்டும்?

நவரை நெல்லுக்கு இரவு முறை மின்சாரத்தில் தண்ணீர் பாய்ச்சும் விவசாயியை வரப்பில் பாம்பு கடித்துவிடுகிறது. உடனிருப்பவர் 108-க்குப் போன் செய்கிறார். அச்சரப்பாக்கம் ஒன்றியத்து வயலிலிருந்து போகும் அந்த அழைப்பைச் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்தான் எடுக்கிறார். வண்டி வந்து சேரும்வரை கடிபட்டவருக்குக் கிடைக்கும் முதலுதவி அவருடைய பேச்சு மட்டுமே.

அவர் முதலில் கேட்க வேண்டியது இடம். பாதியில் போன் துண்டித்தாலும், இடம் தெரிந்தால் வண்டி கிளம்பிவிடும். ஆனால் வயலுக்குக் கதவு எண் கிடையாது. "ஏரிக்கரைக்குக் கிழக்கே" என்றால் சென்னையில் இருப்பவருக்குப் புரியாது. புதூர், நல்லூர் என்ற பெயரில் பல மாவட்டங்களில் ஊர்கள் உண்டு. செங்கல்பட்டு 2019ஆம் ஆண்டே தனி மாவட்டமாகிவிட்டது. பெரியவர்கள் பலர் இன்னும் காஞ்சிபுரம் என்றே சொல்கிறார்கள். எனவே மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, ஜி.எஸ்.டி. சாலையில் எங்கே திரும்புவது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். டார்ச் லைட்டுடன் ஒருவரைச் சாலைக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

அவசர எண் பிறந்த கதையும் இதைத்தான் காட்டுகிறது. 1935ஆம் ஆண்டு லண்டனில் ஒரு வீடு தீப்பிடித்து ஐந்து பெண்கள் இறந்தனர். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தும், தொலைபேசி நிலையத்தில் அவர் வரிசையில் காக்க வைக்கப்பட்டார். அதன் பிறகே 1937இல் 999 எண் வந்தது. நம் மாநிலத்தில் 108 தொடங்கியது 2008ஆம் ஆண்டு.

பதறுபவரிடம் "பதறாதீர்கள்" என்பதால் பயனில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் பதற்றம் தானாகக் குறையும். பாம்புக்கடி என்றால், "நடக்க விடாதீர்கள். மெட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள். எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் குச்சி வைத்துக் காலை அசையாமல் கட்டுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம்." இத்தனையும் சிறு சிறு வாக்கியங்களாக, ஒன்றைச் செய்து முடித்த பிறகு அடுத்தது.

"என்ன பாம்பு?" என்று துருவுவது வீண். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கான நஞ்சை எடுக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், இதே மாவட்டத்தில் வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. பாம்பைத் தேடிப் போனால் இரண்டாவது ஆளும் கடிபடுவார். கேட்க வேண்டியது கடித்த நேரம், இமை சொருகுகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது என்பவைதான். கட்டுவிரியன் கடித்தால் வலியே இல்லாமலும் இருக்கும். வலி இல்லை என்பதால் விட்டுவிடக் கூடாது.

2000 முதல் 2019 வரை நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்திருப்பதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்தினர்.

மோட்டார் கொட்டகையில் ஷாக் என்று அழைப்பு வந்தால் முதல் சொல் "தொடாதீர்கள்" என்பதாக இருக்க வேண்டும். மெயினை அணைத்த பிறகுதான் மற்றதெல்லாம். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம் அழுத்தச் சொல்லி, போனிலேயே எண்ணிக்கை சொல்ல வேண்டும். கிணற்றில் மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் இறங்காமல் தடுப்பதும் அந்தக் குரலின் வேலைதான். உள்ளே டீசல் இன்ஜின் ஓடியிருந்தால் நச்சுப்புகை தேங்கியிருக்கும். அங்கே தீயணைப்புத் துறையினரே இறங்க வேண்டும்.

பூச்சிமருந்து விஷயத்தில் இன்னொரு கேள்வி தேவை: டப்பாவில் முக்கோணம் என்ன நிறம்? சிவப்பு மிகக் கடுமையான நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. மருந்து தெளித்தவர் மயங்கினால் உடையைக் களைந்து சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லலாம். குடித்தவருக்குச் சாணிக் கரைசலோ உப்புத் தண்ணீரோ கொடுக்க விடக் கூடாது; வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, டப்பாவையும் லேபிளோடு மருத்துவமனைக்கு எடுத்து வரச் சொல்ல வேண்டும்.

வண்டி வர நேரமாகும் என்றால் அதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. உள்ளூர் வண்டியில் ஜி.எஸ்.டி. சாலைவரை கொண்டுவந்து ஆம்புலன்ஸில் மாற்றுவதா, அங்கேயே காத்திருப்பதா என்பதைக் கட்டுப்பாட்டு அறைதான் முடிவு செய்து சொல்ல வேண்டும். அதுவரை எதிர்முனையில் இருப்பவர் போனை வைக்கக் கூடாது.