அரளி நிறுத்தும் சோடியம் பம்ப்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் பக்கம் வேலியோரங்களில் மஞ்சள் அரளி சாதாரணமாகக் கண்ணில் படும். பூ சாமிக்குப் போகும். விதை நஞ்சு என்பது ஊரறிந்த சேதி. அந்த நஞ்சு உடம்பில் எதைப் பிடிக்கிறது என்பது விஞ்ஞானிகளுக்கே 1950-களில்தான் துலங்கத் தொடங்கியது.

நம் செல்களின் சவ்வில் ஒரு புரதம் ஓயாமல் உழைக்கிறது. ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளும்; இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கும். நரம்பில் செய்தி ஓடுவதும் இதயம் துடிப்பதும் இந்த சோடியம் பம்ப்பை நம்பித்தான்.

1957-இல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ, நண்டு நரம்பில் ஒரு நொதியைக் கண்டார். அதுதான் பம்ப் என்று அடித்துச் சொல்ல அவரிடம் சான்று போதவில்லை. மறு ஆண்டு வியன்னா மாநாட்டில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் போஸ்ட் அவரிடம், அந்த நொதியை ஊவபெயின் தடுக்கிறதா என்று கேட்டார். ஊவபெயின் ஆப்பிரிக்க அம்பு நஞ்சு. அரளி நஞ்சுக்கு நெருங்கிய உறவு. சிவப்பணுக்களில் சோடியம் கடத்தலை அது நிறுத்துவதை 1953-இலேயே ஷாட்ஸ்மான் என்ற ஆய்வாளர் காட்டியிருந்தார். ஸ்கூ தம் ஆய்வகத்தில் சோதிக்கச் சொன்னார். நொதி நின்றுபோனது! நொதியும் பம்ப்பும் ஒன்றே என்ற முடிவுக்கு அதுவே வலுவான சான்று. 1997-இல் ஸ்கூவுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதில் ஒரு பங்கு இந்த நஞ்சுக்கும் சேர வேண்டும் என்பேன்.

ஆய்வகங்களில் அதற்கு இன்றும் வேலை இருக்கிறது. ஊவபெயின் சேர்த்தபின் செல்லின் ஆக்சிஜன் செலவு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், பம்ப் தின்னும் ஆற்றல் தெரிந்துவிடும். கதிரியக்க ஊவபெயினை ஒட்டவைத்துப் பம்ப்புகளை எண்ணவும் முடியும். எலியின் பம்ப் ஊவபெயினுக்கு எளிதில் மசியாது. அதனால் எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்தக் கூடாது.

இதய நோயாளிகள் விழுங்கும் டிஜாக்சின் மாத்திரையும் இதே பம்ப்பைத்தான் பிடிக்கிறது. அளவோடு பிடித்தால் இதயத்தசையில் கால்சியம் கூடி, துடிப்பு வலுக்கும். அளவு மீறினால் துடிப்பின் ஒழுங்கே குலையும். அரளி செய்வது இந்த இரண்டாவதை. டிஜாக்சினுக்கான எதிர்பொருள் அரளி நஞ்சையும் முறிக்கும் என்பதை இலங்கையில் நடந்த ஆய்வொன்று 2000-இல் காட்டியது. விலை அதிகமென்பதால் அது எளிதில் கிடைப்பதில்லை. கோரிமேடு ஜிப்மர் மருத்துவர்களும் மஞ்சள் அரளி நோயாளிகளின் துடிப்புக் கோளாறுகளை ஆராய்ந்திருக்கிறார்கள்.

அரளியை யாராவது உட்கொண்டது தெரிந்தால், ஆள் தெளிவாக இருந்தாலும் கைவைத்தியத்தில் நேரம் போக்காதீர்கள். துடிப்பு பல மணி நேரம் கழித்தும் குலையலாம். உடனே 108-ஐ அழையுங்கள். மனம் தாங்காத வேளையில் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.