காவல் நிணநீர்க்கணுவை இனங்காட்டும் இருமுறைப் படிமக் காரணிகள்

மார்பகப் புற்றுக்கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் சென்றடையும் கணு, காவல் நிணநீர்க்கணு எனப்படும். அதில் புற்றுநோய்ச் செல்கள் இல்லையெனில், அக்குளின் பிற கணுக்களைப் பொதுவாக அகற்ற வேண்டியதில்லை; அவற்றை அகற்றுவதால் நேரக்கூடிய நீடித்த கைவீக்கமும் தவிர்க்கப்படும். எனவே, அக்கணுவைப் பிழையின்றி இனங்காண்பது இன்றியமையாததாகும்.

இதற்குப் பயன்படும் காரணிகளுள் இரண்டு இங்குக் கருதத்தக்கன. டெக்னீசியம்-99எம் உமிழும் காமாக் கதிர்கள் ஆழத்திலிருந்தும் உடலைக் கடந்து வெளிவருவதால், தோலைக் கீறுமுன்னரே கணுவின் இருப்பிடத்தை உணரலாம். ஆயினும், அறுவையின்போது கதிரறி கருவி ஒலியால் உணர்த்துமேயன்றிக் கணுவைக் கண்ணுக்குக் காட்டாது. இண்டோசயனின் பச்சைச் சாயம் அண்மை அகச்சிவப்பு ஒளியில் ஒளிர்ந்து கணுவைத் திரையில் காட்டும்; எனினும், ஏறத்தாழ 1 செ.மீ.க்கும் ஆழமான திசுவிலிருந்து அவ்வொளி தெளிவாக வெளிவருவதில்லை.

இவ்விரண்டையும் ஒரே நுண்கூழ்மத் துகளில் இணைத்த கலப்புக் காரணி, ஒன்றன் குறையை மற்றொன்றால் நிறைவு செய்கிறது. காமாக் கதிர் கணுவை நெருங்க உதவுகிறது; நெருங்கியபின் ஒளி அதனைச் சூழ்திசுவிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

இச்சாயத்தைக் கண் பரிசோதனைக்கென மதுரை ஆரோலேப் நிறுவனம் தயாரித்து வருகிறது. சாயம் அருகிலேயே கிடைப்பினும், அகச்சிவப்புப் படக்கருவியும் அணு மருத்துவப் பிரிவும் எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே, இம்முறையின் பயன் நோயாளியைச் சென்றடைவது காரணியின் வேதியியலை மட்டுமன்றி, இவ்வசதிகளின் பரவலையும் சார்ந்துள்ளது.