பிழை அந்த வரியில் இல்லை

மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டும் ஒரு சிறிய பைத்தான் நிரல். முதல் வரியில் நெளி அடைப்புக்குறியைத் திறந்து, 101: 78, 102: 85, 103: 91, என்று பதிவெண்ணும் மதிப்பெண்ணுமாக எழுதிய மாணவர், குறியை மூட மறந்துவிட்டார். அடுத்த வரி, மொத்தம் = 0. நிரலை ஓட்டினால், பைத்தானின் பழைய பதிப்புகள் இரண்டாம் வரியின் சமக்குறியைச் சுட்டிக்காட்டி 'இன்வேலிட் சின்டாக்ஸ்' (இலக்கணப் பிழை) என்று நின்றுவிடும். அந்த வரியை எத்தனை முறை படித்தாலும் குற்றம் அகப்படாது, ஏனென்றால் அதில் குற்றமே இல்லை.

பைத்தான் நிரலை மேலிருந்து கீழாக, ஒவ்வொரு சொல்லாகவும் குறியாகவும் வாசித்து, மொழியின் இலக்கணப்படி அடுத்து எது வரலாம் என்று பார்த்துக்கொண்டே போகிறது. அடைப்பு மூடப்படாதவரை வரி முடிவதை அது பொருட்படுத்துவதில்லை. ஆகவே 'மொத்தம்' என்பதையும் இன்னொரு பதிவெண் போலவே எடுத்துக்கொண்டு முக்காற்புள்ளியை எதிர்பார்க்கிறது. வந்து நிற்பதோ சமக்குறி. செய்தியில் உள்ள வரி எண், வாசிப்பு தடைப்பட்ட இடம். தவறு நேர்ந்தது அதற்கு மேலே.

சுட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு முந்தைய வரிகளைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். சி மொழியில் ஒரே ஒரு குறி விட்டுப்போனாலும் நிரலைக் கணினிக்கேற்ற வடிவுக்கு மாற்றும் கம்பைலர் சில சமயம் பத்துப் பிழைகளைக் கொட்டும். தடுமாறிய பிறகும் மேலே படிக்க முயல்வதால், பின்னால் வரும் நல்ல வரிகளும் அதற்குத் தவறாகத் தெரிகின்றன. முதல் செய்தியை மட்டும் எடுத்துத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்தால் மற்றவற்றில் பல தாமாகவே மறைந்துவிடும்.

2020இல் வந்த பைத்தான் 3.9 நிரலை இலக்கணப்படி வாசிக்கும் தன் பழைய பாகுபடுத்தியை மாற்றிக்கொண்டது. மறு ஆண்டு வெளியான 3.10, மேற்கண்ட நிரலுக்கு முதல் வரியையே காட்டி, திறந்த அடைப்பு மூடப்படவில்லை என்று சொல்கிறது.

வேர்டு கோப்பிலிருந்து நிரலை நகலெடுக்கும்போது வேறுவகைப் பிழை நுழைகிறது. நேரான மேற்கோள் குறி இருக்க வேண்டிய இடத்தில் வளைந்த குறி வந்து உட்கார்ந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். அந்தக் குறிகளை அழித்துவிட்டு விசைப்பலகையில் மறுபடி தட்டினால் போதும்.

பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜாவா கற்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் 3.7 கோடி கம்பைல் முயற்சிகளை ஆராய்ந்து 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். மிக அதிகமாகக் காணப்பட்டது, அடைப்புக்குறிகளும் மேற்கோள் குறிகளும் பொருந்தாமல் போகும் பிழைதான். அதை மாணவர்கள் விரைவிலேயே சரிசெய்துவிட்டார்கள். இரண்டு சொற்கள் ஒன்றா என்று பார்க்க இரட்டைச் சமக்குறி போடுவது போன்ற தவறுகளோ நெடுநேரம் நீடித்தன. ஜாவாவின் இலக்கணப்படி அந்த வரி சரியானது என்பதால், அங்கே கம்பைலர் எந்தப் பிழைச் செய்தியும் தருவதில்லை.