தாத்தாவின் தூக்கத்தைக் கெடுப்பது கண்ணா?

1995ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், பார்வையை முற்றாக இழந்த 11 பேருக்கு இரவு நேரத்தில் பிரகாசமான ஒளியைக் காட்டினார்கள். விளக்கு எரிவதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனாலும் மூவரின் உடலில், தூக்கத்தோடு தொடர்புடைய மெலடோனின் இயக்குநீர் மளமளவெனக் குறைந்தது. கண்களை மூடிவிட்டுச் சோதித்தபோது அது குறையவில்லை. அப்படியென்றால், பார்க்க முடியாத அந்தக் கண்ணுக்குள் ஒளியை உணர்ந்தது எது?

விடை 2002இல் கிடைத்தது. பாடநூலில் நாம் படிக்கும் கோல் உயிரணு, கூம்பு உயிரணு ஆகியவற்றைத் தவிர, விழித்திரையில் மூன்றாவது வகை ஒளியுணரியும் உண்டு. பார்வை நரம்பின் வழியே மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பணுக்களில் மிகச் சிலவற்றில் மெலனாப்சின் என்ற நிறமி இருக்கிறது. (இந்த நிறமி 1998இல் முதலில் அகப்பட்டது ஒரு தவளையின் தோலில்!) உருவத்தைக் காட்டுவது இவற்றின் முக்கிய வேலை அன்று. இப்போது பகலா, இரவா என்று மூளையின் அடிப்பகுதியில் உள்ள உடல் கடிகாரத்துக்குச் சொல்வதே இவற்றின் பணி.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு குறை உண்டு. பெரும்பாலோருக்கு அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் நீளம். தினமும் காலை வெளிச்சம்தான் அதைத் திருத்தி வைக்கிறது. வெளிச்சச் செய்தி போய்ச் சேராவிட்டால் தூங்கும் நேரமும் விழிக்கும் நேரமும் தடுமாறத் தொடங்கும்.

மெலனாப்சினை அதிகம் தூண்டுவது நீல ஒளி. வயதாக ஆக விழிவில்லை மஞ்சளாகிறது. கண்புரை முற்றினால் பழுப்பாகவும் மாறுகிறது. தே ஓ ஊற்றிய கண்ணாடிக் குவளை வழியாகப் பார்ப்பதுபோல்தான்: முதலில் தடைபடுவது நீலம். அறுவை சிகிச்சையில் பழைய வில்லையை அகற்றித் தெளிவான செயற்கை வில்லையைப் பொருத்திய பிறகு, "வானம் இவ்வளவு நீலமா!" என்று வியக்கும் முதியவர்கள் உண்டு. அதன்பின் தூக்கமும் மேம்பட்டதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன; எல்லா ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. மூட்டுவலி, மருந்துகள், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுவது என முதுமையில் தூக்கத்தைக் கெடுக்க வேறு காரணங்களும் நிறைய இருக்கின்றனவே!

கண் அழுத்த நோய் எனப்படும் குளுக்கோமாவின் கதை வேறு. கண்புரை ஒளியை மறைக்கிறது. குளுக்கோமாவோ செய்தி அனுப்பும் நரம்பணுக்களையே அழிக்கிறது. மெலனாப்சின் உள்ளவையும் அதற்குத் தப்புவதில்லை. இறந்த நரம்பணுக்களை மீட்கச் சிகிச்சை இல்லை. எஞ்சியவற்றைக் காக்க மட்டுமே முடியும். வலியின்றி மெல்லப் பரவும் நோய் என்பதால், பலர் பார்வையின் ஓரம் மங்கிய பிறகே மருத்துவரிடம் போகிறார்கள்.

வீட்டுக் கூடத்தின் விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகமூட்டமான பகலிலும் வெளியே பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். காலையில் தாத்தாவோ பாட்டியோ சற்று நேரம் வாசலில் உட்கார்ந்தால், மங்கிய வில்லை வழியாகவும் கடிகாரத்துக்குப் போதிய வெளிச்சம் போய்ச் சேர வாய்ப்புண்டு.