பிசிஏவா, பி.எஸ்சி.யா? சேரும் முன் பாடத்திட்டத்தைப் புரட்டுங்கள்

பிளஸ் 2 ரிசல்ட் வந்துவிட்டால் திருக்கோவிலூர் பிரவுசிங் சென்டர்களில் கூட்டம் கூடிவிடும். அரசு கலைக் கல்லூரிகளுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் பாடப்பிரிவை நிரப்பும்போதுதான் பலருக்கும் கேள்வி எழுகிறது: பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸா, பிசிஏவா?

முதலாவது கணினி அறிவியல். கணினி எப்படி இயங்குகிறது என்பதில் அதற்கு அக்கறை அதிகம். இரண்டாவது கணினிப் பயன்பாட்டியல். அலுவலகத்துக்கும் ஆலைக்கும் தேவையான மென்பொருளை உருவாக்குவதே அதன் நோக்கம். நடைமுறையில் ஜாவா, டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம் இரண்டிலும் உண்டு.

பயன்பாடு என்றால் என்ன? மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு பதியும் ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவருக்கு மூன்று இடத்தில் கரும்பு. மூன்று பதிவிலும் அவர் பெயரும் செல்போன் எண்ணும் தனித்தனியே இருந்தால், எண் மாறும்போது ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டுவிடுவார்கள்; வெட்டு உத்தரவு பழைய எண்ணுக்குப் போகும். விவசாயி விவரம் ஒரு டேபிளில், நிலமும் நடவுத் தேதியும் இன்னொன்றில், இரண்டையும் இணைக்க ஒரு உறுப்பினர் எண் என்று பிரித்தால் சிக்கல் தீர்ந்தது. டேட்டாபேஸ் பாடத்தில் 'நார்மலைசேஷன்' என்று மனப்பாடம் செய்வது இதைத்தான். செய்து பார்க்காமல் இது பிடிபடவே பிடிபடாது.

கணக்குக்குப் பயந்து பிசிஏவில் சேருகிறவர்கள் கவனிக்க வேண்டும். என்ஐடிகளில் எம்சிஏ படிக்க எழுதும் நிம்செட் தேர்வில் மொத்தம் 1,000 மதிப்பெண். அதில் 600 கணிதத்துக்கு. மூன்று வருடம் கணிதத்தை ஒதுக்கினால் அந்தக் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

2024-25 முதல் பிசிஏ படிப்பு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) ஒப்புதலின் கீழ் வந்திருக்கிறது. தனியார் கல்லூரி என்றால் அந்த ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். செலவுக்கும் வழி உண்டு: அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற அரசுத் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. கல்வராயன் மலையிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு அது பஸ், சாப்பாட்டுச் செலவுக்கு உண்மையான உதவி.

பெற்றோரே, கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். லேப் வாரத்தில் எத்தனை மணி நேரம், ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர், கடைசி செமஸ்டர் புராஜெக்டை மாணவர்களே செய்கிறார்களா என்று நேரில் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் சேருங்கள்.