கியர் இல்லாத பந்தயம்

செப்டம்பர் 15 அறிஞர் அண்ணாவின் பிறந்தநாள். அதையொட்டித் தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கிறது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் அறிஞர் அண்ணா மிதிவண்டிப் போட்டிதான் அது. நம் பெரம்பலூர் மாவட்டம் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. 2001-இல் பிறந்து, மறு ஆண்டே பெரம்பலூரோடு சேர்க்கப்பட்ட அரியலூர், 2007 நவம்பரில் மீண்டும் தனி மாவட்டமானது. அதனால் இன்று இரண்டு மாவட்டங்களுக்கும் தனித்தனிப் போட்டி, தனித்தனிப் பரிசு.

பதின்மூன்று வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண் பிள்ளைகளுக்கு 10 கிலோமீட்டர். பதினைந்து, பதினேழு வயதுக்குட்பட்ட பிரிவுகளில் பையன்களுக்கு 20, பெண் பிள்ளைகளுக்கு 15. அண்மை ஆண்டுகளில் முதல் பரிசு 5,000 ரூபாய், இரண்டாம் பரிசு 3,000, மூன்றாம் பரிசு 2,000. நான்காவது முதல் பத்தாவது இடம் வரை வந்தவர்களுக்குத் தலைக்கு 250 ரூபாய். தலைமையாசிரியரிடம் வயதுச் சான்று வாங்கிக்கொண்டு, சொந்த சைக்கிளோடு வர வேண்டும்.

இந்தப் போட்டியின் உயிர் அதன் ஒரு விதியில் இருக்கிறது. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி கொண்ட சைக்கிள்தான் ஓட்டலாம். கியர் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்துப் பந்தய சைக்கிள் வாங்கித்தரும் வீட்டுப் பிள்ளைக்கு இங்கே தனிச் சலுகை இல்லை. அரசு தரும் விலையில்லா சைக்கிளில் ஆலத்தூரிலிருந்தோ செந்துறையிலிருந்தோ வரும் பிள்ளையும் அதே கோட்டில் நிற்கலாம். முதல்நாள் சைக்கிள் கடையில் செயினுக்கு எண்ணெய் விட்டு, பிரேக்கை இறுக்கி, காற்று அடித்துக்கொண்டால் போதும். மிச்சமெல்லாம் காலும் மூச்சும்தான்.

உலகப் புகழ்பெற்ற ஒருநாள் பந்தயங்களும் இப்படி எளிமையாகத் தொடங்கியவைதான். அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று பெல்ஜியத்தின் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ். 1892-இல் அது முதன்முதல் நடந்தபோது ஓட்டியவர்கள் தொழில்முறை வீரர்கள் அல்லர், ஆர்வலர்கள். லியோன் ஊவா என்ற உள்ளூர்க்காரர் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவரே வென்றார். 1896-இல் பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயம் வந்தது. ரூபே நெசவாலை நகரம். அங்கே புதிதாகக் கட்டிய சைக்கிள் ஓடுதளத்துக்குக் கூட்டம் சேர்க்க, இரண்டு ஆலை முதலாளிகள் போட்ட திட்டம் அது. முதல் ஆண்டு வென்றவர் ஜெர்மானியரான யோசப் ஃபிஷர். கருங்கல் பாவிய கரடுமுரடான பாதைதான் அந்தப் பந்தயத்தின் அடையாளம். வெற்றியாளருக்குத் தரும் பரிசுச் சின்னமும் ஒரு கருங்கல்தான்.

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமென்ட் ஆலைகளும் சூழ்ந்த அரியலூர்க்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டிய பெயர் ஒன்று அந்தப் பந்தயத்தில் உண்டு: ழான் ஸ்டாப்லின்ஸ்கி. இளமையில் வடபிரான்சின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1962-இல் சாலை சைக்கிள் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆனார். அரன்பெர்க் காட்டுக்குள் போகும் கல்பாதையை அவர் எடுத்துச் சொல்ல, 1968-இல் அது பந்தயப் பாதையில் சேர்ந்தது. எந்த மண்ணுக்கு அடியில் கரி வெட்டினாரோ, அதன் மேலேயே சைக்கிள் ஓட்டியவர் என்று அவரைப் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் நம் ஊர்ப் போட்டி அந்தப் பந்தயத்தைவிட ஒரு படி மேல். பாரிஸ்–ரூபேயில் பெண்களுக்கான பந்தயம் 2021-இல்தான் வந்தது. பிரிட்டனின் லிஸி டெய்க்னன் முதலில் வென்றார். நமக்கோ வேறு வரலாறு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாக சைக்கிள் பழகினார்கள். அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பக்கபலமாக நின்றார். பின்னர் அரசின் சைக்கிள் திட்டமும் பெண் பிள்ளைகளிடமிருந்தே தொடங்கியது. பெரம்பலூரிலும் அரியலூரிலும் பெண் பிள்ளைகள் மூன்று வயதுப் பிரிவுகளிலும் போட்டியிடுவது அந்த வரலாற்றின் தொடர்ச்சி.

பந்தயத்தில் நுணுக்கமும் உண்டு. முன்னால் போகிறவர் எதிர்காற்றை முழுக்கத் தாங்குகிறார். அவரை ஒட்டி வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. அதனால் எடுத்த எடுப்பிலேயே எகிறிப் போகிறவர் கடைசியில் களைத்து நிற்பதும், பின்னால் பொறுமையாக வந்தவர் கடைசி ஒரு கிலோமீட்டரில் எழுந்து மிதித்து முந்துவதும் தொழில்முறைப் பந்தயங்களில் வழக்கம். 20 கிலோமீட்டர் ஓட்டும் பள்ளி மாணவருக்கும் இந்தக் கணக்கு உதவும். இதைச் சொல்லித்தர ஓர் உடற்கல்வி ஆசிரியர் போதும்.

ஆனால் ஆண்டுக்கு ஒரு காலைப்பொழுது மட்டும் போதாது. சிமென்ட் லாரிகளும் கல் லாரிகளும் ஓடும் சாலைகளில் பிள்ளைகள் தினமும் பழக முடியாது. வாரம் ஒரு நாளாவது, ஒரு மணி நேரமாவது, பாதுகாப்பான சாலை ஒன்றை மாவட்ட நிர்வாகம் அவர்களுக்கு ஒதுக்க வேண்டும். வென்றவர்களை அடுத்த கட்டப் பயிற்சிக்கு அனுப்பவும் வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் இந்தச் செப்டம்பரில் ஒரு பிள்ளையையாவது, குறிப்பாக ஒரு பெண் பிள்ளையை, பெயர் கொடுக்க வையுங்கள்.